ரொறன்ரோவில் ஒரு பயிற்றுநர் தேர்தல்

வியாழக்கிழமை பின்னேரம் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போது என்னிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று அக்காவுடையது: பெட்டிக்குள் இருக்கும் கருவாட்டைப் பற்றி அதிகாரி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மற்றது என் கணவர் அன்ரனுடையது: "அங்கை ஒருத்தரிட்டையும் கோச் விசயம் கதைக்காதையும்." முதலாவதைக் காப்பாற்றினேன். இரண்டாவதை மூன்று நாள் காப்பாற்றினேன். என் வாய்க்கு அதுவே பெரிய தவம்.

வாசிப்பவர்களுக்கு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் ஒரு கல்லூரி. கல்லூரி என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம்தான். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த விமானத்தில் ஆட்கள் சண்டைக்கு வந்து இறங்குவார்கள். அந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு அன்ரன் நான்கு வருடமாகப் 'பதில்' பயிற்றுநர், அதாவது தற்காலிகம். நிரந்தரத் தலைமைப் பயிற்றுநரை நியமிக்க வேண்டியது பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை. செலவு அவர்களுடையது என்றபடியால் சொல்லும் அவர்களுடையது.

அன்ரனுக்கு அந்தப் பதவி மீது ஆசை வந்ததற்குப் போன மாரியில் நடந்த அரையிறுதிதான் காரணம். மைதானம் முழுக்கச் சேறு. கனடாக் கிளை அனுப்பிய புதுச் சப்பாத்துகளோடு பெடியன்கள் இறங்கினார்கள். அடிப்பக்கம் தட்டையான சப்பாத்து. மண்ணைப் பிடிக்க ஒரு குமிழ் கிடையாது. வேண்டாம் என்று அன்ரன் தலைகீழாக நின்று பார்த்தார். கல்லூரி அதிபர் விடவில்லை. "கனடாவிலை லைவிலை பாத்துக்கொண்டிருக்கினம் மாஸ்ரர். அவை அனுப்பினதைப் போடாட்டில் மனம் நோவினம். நீங்கள் பதில்தானே" என்றார். பெடியன்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். கப்டனுக்குக் கணுக்கால் பிரண்டது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அன்றிரவு அன்ரன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனி என்ரை பெடியள் எதைப் போடுறது எண்டு நான்தான் சொல்லவேணும். அதுக்கு எனக்கு இந்தப் 'பதில்' போகவேணும்."

இதற்கிடையில் பட்டணத்தில் இருக்கும் எங்கள் பரம எதிரிக் கல்லூரி அவரைத் தங்களிடம் வரும்படி கேட்டிருந்தது. தான் படித்த கல்லூரியை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோப் பக்கம் கூட்டம். அதுவரை பொறுங்கள் என்று அவர்களிடம் தவணை கேட்டிருந்தார். நான் வந்தது அக்காவின் கடைசி மகளின் புதுநன்மைக்கு, தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்குக்கு. கூட்டமும் அதே ஞாயிறில் வந்து விழுந்தது என் விதி.

விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் உள்ள மல்வேர்னுக்கு நாற்பது கிலோமீற்றர் வரும். அக்காவின் மூத்த மகள் ஷரன் ஓட்டினாள். நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் கார்கள் நகர்வதும் நிற்பதுமாக ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. ஏப்ரல் மாதமாகியும் தெருவோரத்தில் கறுத்துப்போன பனி குவிந்து கிடந்தது. கேட்பது கதைப்பதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உங்கள் அப்பா எந்த ஆளுக்குக் கை உயர்த்தப்போகிறார் என்று மெல்லக் கேட்டேன். ஷரன் சிரித்தாள்.

"சித்தி, அப்பா பட்ஜ் மேற்றைத் தவிர ஆருக்கும் வோட் பண்ணமாட்டார். திஸ் இஸ் ஹவ் தே ஆர்."

பட்ஜ் மேற் என்றால் ஒரே ஆண்டில் கூடப் படித்தவர். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அவளுடைய அப்பா, அதாவது என் அத்தானுக்கு, அன்ரன் சகலன். வருடத்துக்கு ஒரு பெட்டி கருவாடும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் அன்ரன் கட்டித்தான் இங்கே வருகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு நேரம் மாறிய மயக்கத்தில் கண் சொக்கியது. படுத்தால் நடுச்சாமத்தில் விழித்திருக்க வேண்டிவரும் என்று அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். காரில் வைத்து மெல்ல இழுத்தார். "றெஜினா, நீர் அன்ரன்ரை மனிசி எண்டு அங்கை சொல்லவேண்டாம். பிறகு ஆக்கள் மனம் விட்டுக் கதைக்கமாட்டினம்."

"நான் ஏன் சொல்லுறன் அத்தான்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

நாங்கள் போனது ஒரு கோப்பிக் கடை. மாலையானால் ஐம்பது வயதைத் தாண்டிய எங்கள் ஆண்கள் அங்கே மேசைகளை இழுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த ரீச்சர் என்று மட்டும் அத்தான் என்னை அறிமுகப்படுத்தினார். தேத்தண்ணி இரண்டு டொலர் சொச்சம். விலையை ரூபாயால் பெருக்கினால் தொண்டையில் இறங்காது என்று அத்தான் எச்சரித்திருந்தார். நான் கணித ரீச்சர், பெருக்கினேன். இறங்கவில்லை.

மேசையின் தலைமாட்டில் இருந்தவர் அருள் அண்ணை. கிளையின் தலைவர், அஜக்ஸில் இருக்கிறார், வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். கல்லூரியை விட்டு வந்தபின் ஊர்ப்பக்கம் இரண்டு தரம் போயிருக்கிறார்; இரண்டும் செத்தவீடு. அவருடைய கட்சி, கொழும்பிலிருந்து லைசன்ஸ் எடுத்த ஒரு கோச்சைப் பிடிக்க வேண்டும் என்பது. எதிரே இருந்த தாடிக்காரர் ஒரு வெள்ளைக்காரனை ஆறு மாதத்துக்கு இறக்கினால் எல்லாம் சரிவரும் என்றார். வெள்ளைக்காரன் எங்கள் வெயிலில் எத்தனை நாள் நிற்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது கட்சி அத்தானுடையது. பிறம்ரனில் லொறி ஓடும் டொமினிக். அத்தானும் அவரும் எண்பத்தேழாம் பட்ஜ். அவர் இங்கேயே இருந்துகொண்டு தொலைபேசித் திரை வழியாகப் பயிற்சி கொடுப்பாராம்.

"சூமிலை என்னண்டு பந்தடிக்கிறது?" என்றார் தாடிக்காரர்.

"சேர்ச் பூசையே லைவிலை பாக்கிறம். கோச்சிங் ஏன் ஏலாது?" என்றார் அத்தான்.

டொமினிக் பட்டணத்துக் கல்லூரிக்கு எதிராக அடித்த கோல் பற்றி அந்த ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் பெனல்ரிப் பெட்டியின் ஓரத்திலிருந்து அடித்தார். இரண்டாம் தரம் முப்பது யார். மூன்றாம் தரம் மைதானத்தின் நடுக்கோடு. இன்னொரு தேத்தண்ணி எடுத்திருந்தால் பந்து தீவுப் பக்கத்து ஊர்காவற்றுறையிலிருந்து புறப்பட்டு வந்திருக்கும்.

ஆனால் ஒரு விசயத்தில் மூன்று கட்சியும் ஒற்றுமை. "இப்ப நிக்கிற பொடியன் சரிவராது" என்றார் அருள் அண்ணை. "அரையிறுதி பாத்தனீங்கள்தானே. பெடியளுக்கு நிக்கக்கூடப் பழக்கேல்லை." எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தானும் ஆட்டினார். பொடியனாம். அன்ரனுக்கு நாற்பத்தாறு வயது. இரத்த அழுத்தத்துக்குக் காலையும் மாலையும் குளிசை போடுகிறார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுகூட அந்த மேசையில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு உச்சந்தலை கொதித்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்ததால் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தான் தங்கள் விளையாட்டைக் காட்டக் கூட்டிப்போனார். வெளியே இன்னும் குளிர் என்பதால் இங்கே காற்றடைத்த பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் பந்தடிக்கிறார்கள். சுழல்கதவால் உள்ளே போனதும் காது அடைத்தது. நிலம் முழுக்கப் பச்சைக் கம்பளம். ஒரு துளி ஈரம் இல்லை, ஒரு கல் இல்லை. தொந்தியும் தொப்பையுமாகப் பழைய மாணவர்கள் ஓடினார்கள். ஓடியதைவிட நின்று மூச்சு வாங்கியதுதான் கூட.

என் கண் அவர்களுடைய கால்களில் போய் நின்றது. அதே சப்பாத்து. அதே நீலக் கோடு, அதே தட்டையான அடி. எங்கள் பெடியன்களைச் சேற்றில் விழுத்திய சாமான்.

நான் பார்ப்பதைக் கண்டு அருள் அண்ணை பெருமையோடு ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். "உதே பிராண்ட்தான் ரீச்சர் ஊருக்கும் அனுப்பினது. நாங்கள் போடுறதைத்தான் எங்கடை பெடியளுக்கும் குடுத்தனாங்கள். ஒரு குறையும் வைக்கேல்லை."

அதைச் சொல்லும்போது அவர் கண் மெய்யாகவே கலங்கியது. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்டவன் என்றால் ஏசிவிட்டுப் போகலாம். இவர்கள் கம்பளத்தில் நின்றுகொண்டு, உலகம் முழுக்கக் கம்பளம் என்று நினைத்து, அன்போடு சப்பாத்து வாங்கியிருக்கிறார்கள். மாரி என்று ஒன்று இருப்பதை, அதில் தாங்களே உருண்டு புரண்டு விளையாடியதை, எப்படி மறந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

டொமினிக்கை அங்கேதான் கண்டேன். உயர்ந்த, அகன்ற மனிதர். முழங்காலில் இறுக்கமான உறை. இரண்டு தரம் ஓடிவிட்டு வாங்கில் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஊரிலிருந்து வந்தவள் என்று அறிந்ததும் மெதுவாகக் கேட்டார். "இப்பவும் பின்னேரத்திலை கடல் காத்து வடக்குக் கோல் பக்கமோ அடிக்குது, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. ரொஸ் வெண்டால் அந்தப் பக்கம்தான் எடுப்பினம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இங்கே நான் கண்ட அத்தனை பேரிலும் எங்கள் மைதானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் இவர் மட்டும்தான். அவரைப் பிடித்துப்போனதே எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை புதுநன்மை. பிள்ளை வெள்ளைச் சட்டையில் அழகாக இருந்தாள். மத்தியானம் பிரியாணி. மூன்று மணிக்கு அத்தானும் அக்காவும் நானும் அஜக்ஸுக்குப் போனோம். மல்வேர்னிலிருந்து கிழக்கே இருபது கிலோமீற்றர். தெரு காலியாக இருந்தால் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. வீடு மலிவு என்று குடும்பங்கள் இடம்பெயரும் ஊர். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நின்றன. கூட்டம் ஒரு சமூக மண்டபத்தில்.

முதலில் கல்லூரிக் கீதம். பாடும்போது அறுபது எழுபது பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு அருள் அண்ணை விளக்கை அணைத்து அரையிறுதியின் வீடியோவைத் திரையில் போட்டார். அன்று ஒரு கோலுக்குப் பின்னால் கட்டி வைத்த போனில் எடுத்தது. மழைத்துளி ஒட்டிய கண்ணாடி வழியாக எங்கள் பெடியன்கள் வழுக்கினார்கள். மண்டபம் சிரித்தது. "ஐஸிலை விட்டமாதிரி" என்றது ஒரு குரல். "உதுதான் நாலு வருசப் பயிற்சி" என்றது இன்னொன்று. திரையில் கப்டன் விழுந்து, எழும்ப முடியாமல், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அதற்கும் ஒருவர் சிரித்தார்.

நான் எழும்பிவிட்டேன். அத்தான் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அக்கா அவருடைய கையைத் தட்டிவிட்டாள்.

"லைற்றைப் போடுங்கோ" என்றேன். போட்டார்கள். "நான் அந்த மச்சுக்கு நிண்டனான். அது ஐஸ் இல்லை, சேறு. பெடியளின்ரை காலிலை நீங்கள் அனுப்பின சப்பாத்து. நேற்று அந்தக் கம்பளத்திலை நீங்கள் போட்டுக்கொண்டு ஓடின அதே சப்பாத்து. அதுக்குக் கீழை ஒண்டுமில்லை. எங்கடை மண்ணிலை அது நிக்காது. கோச் அதைப் போடவேண்டாம் எண்டவர். உங்களுக்கு மனம் நோகும் எண்டு போட வைச்சவை. விழுந்தது உங்களுக்காக. அதைப் பாத்துச் சிரிக்கிறியள்."

தாடிக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது. அன்ரனின் பெயரை இப்போது யாராவது சொல்லுவார்கள் என்று காத்து நின்றேன்.

அருள் அண்ணை தொண்டையைச் செருமினார். "ரீச்சர் சொன்னது நல்ல பொயின்ற். சப்பாத்துக்கு ஒரு உபகுழு போடுவம்." பிறகு பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் ஏதோ சொல்ல, என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் அந்தக் கோச்சின்ரை மிஸிஸ் எண்டு சொல்லுகினம். உண்மையோ?"

"ஓம். அவற்றை பேர் அன்ரன்."

"அப்ப நீங்கள் இதிலை கதைக்கிறது முறையில்லை. யாப்பின்படி உங்கடை பேச்சைப் பதிய ஏலாது." சொல்லிவிட்டு வாக்கெடுப்பை அறிவித்தார்.

யாப்பு என்ன யாப்பு. ஒவ்வொரு பட்ஜாகக் கூப்பிட்டு, பட்ஜ் பட்ஜாகக் கை உயர்த்தினார்கள். பந்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. எந்த ஆண்டு யாரோடு ஒரே வகுப்பில் இருந்தோம் என்பதுதான் கணக்கு. எண்பத்தேழாம் பட்ஜைக் கூப்பிட்டபோது அத்தான் என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்தபடி டொமினிக்குக்குக் கையைத் தூக்கினார். அன்ரனின் பட்ஜிலிருந்து வந்திருந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அன்ரனுக்குத்தான் தூக்கினார்கள். அன்று ஆட்கள் கூடுதலாக வந்திருந்தது எண்பத்தேழாம் பட்ஜில். டொமினிக் தலைமைப் பயிற்றுநர். இப்போது நிற்பவர் விரும்பினால் உதவியாளராக இருக்கலாம். டொமினிக்குக்கு மாலை போட்டார்கள். பிறகு சமோசா வந்தது. நான் தொடவில்லை.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் அக்கா அத்தானிடம் சொன்னாள். "அடுத்த முறை ஊரிலையிருந்து கருவாடு வந்தால் உங்கடை பட்ஜிலை போய்ச் சாப்பிடுங்கோ."

அன்ரனுக்குப் போன் எடுத்தேன். அங்கே திங்கள் விடிகாலை. மைதானத்துக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். முடிவு எனக்கு முன்னே அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கூட்டம் கலைய முதலே யாரோ சங்கத்தின் போன் குழுவில் படம் போட்டுவிட்டார்களாம், மாலையோடு.

"நீர் எழும்பிக் கதைச்சீராம்" என்றார்.

"கதைச்சனான். ஏசுறதெண்டால் ஏசுங்கோ."

"ஏசேல்லை." பின்னால் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை வரைக்கும் போறன். அதோடை விடுறன். அதிபருக்குச் சொல்லிப்போடுவன். பெடியளுக்கு என்னாலை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது."

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். கவலையில் இல்லை, வயிற்றெரிச்சலில்.

செவ்வாய்க்கிழமை நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் விழுந்தது. வேறொன்றும் எனக்கு மனதில் பதியவில்லை. அந்த இடத்தைப் பற்றி வேறு பயணக் கட்டுரைகளில் படித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மாலை புறப்பாடு. விமானம் பத்து மணிக்கு. என்னைக் கொண்டுபோய் விட வேண்டிய அத்தானுக்குத் திடீரென்று வேலை முளைத்தது. வாசலில் ஒரு பெரிய வாகனம் வந்து நின்றது. இறங்கியவர் டொமினிக். ஸ்காபரோவுக்குச் சாமான் இறக்க வந்தவராம். பிறம்ரனுக்குப் போகும் வழியில் விமான நிலையம் பக்கம்தான் என்று அத்தான் ஒழுங்கு செய்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பெட்டியை ஏற்றிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியபின்தான் அவர் வாய் திறந்தார். ஊருக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். முதலில் வதிவிடப் பத்திரம் இல்லை, பிறகு அப்பா அம்மா இல்லை, பிறகு வீடும் இல்லை. மனைவி பிரிந்து போய்விட்டாள். இரவில் தனியே லொறி ஓடும்போது அந்தக் கோலைத்தான் நினைப்பாராம். "பெட்டிக்கு உள்ளுக்கிருந்துதான் தங்கச்சி அடிச்சனான். உவங்கள் கூட்டிச் சொல்லுறாங்கள்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

"இப்ப பெடியள் என்னைப் பற்றிக் கதைக்கிறவங்களோ?"

பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று அந்த மனம் இல்லை. "இல்லை அண்ணை. அங்கை ஒரு பெடியனுக்கும் உங்கடை பேர் தெரியாது."

அவர் தெருவைப் பார்த்தபடி ஓட்டினார். விமான நிலையத்துக்குத் திரும்பும் பாதையில் இறக்கினார். "தெரியும்" என்றார் பிறகு. "அதாலைதான் நான் ஓம் எண்டனான்."

எனக்கு இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் நெஞ்சுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. தன் பெயரை ஒருவரும் மறக்கக் கூடாது என்று இவர் என் கணவரின் இடத்தில் போய் ஏறியிருக்கிறார். அவருக்கு ஏறுவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

புறப்பாட்டு வாசலில் ஓரமாக நிறுத்தினார். ஏழு மணி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "உங்கடை மனுசன் நல்ல ஆளாம். நான் போனிலை சொல்லுவன், அவர் பக்கத்திலை நிண்டு செய்வார். ரெண்டு பேருமாப் பெடியளைக் கொண்டுவருவம்."

"அவர் இல்லை அண்ணை. நேற்றோடை விட்டிட்டார். பட்டணத்துக் கல்லூரிக்குப் போறார்."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. "அப்ப பெடியளை ஆர் பாக்கிறது?"

"நீங்கள்தான். அங்கை இப்ப வெள்ளிக்கிழமை விடியப்புறம். இன்னும் ஒரு மணித்தியாலத்திலை பெடியள் மைதானக் கேற்றடிக்கு வருவாங்கள். கனடாவிலையிருந்து அறிவிப்பு வரட்டும் எண்டு அதிபர் அவங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

டொமினிக் அவசரமாகப் போனை எடுத்தார். திரையைத் தட்டினார், மேலும் கீழும் தள்ளினார். குழுவில் கனடா நம்பர்கள்தான் வந்துகொண்டிருந்தன, வரிசையாக வாழ்த்தோடு; ஊர் நம்பர் ஒன்றும் தட்டுப்படவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் போனோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இப்ப ஆருக்கு அடிக்கிறது, தங்கச்சி?"